கேஸ்பேஸ்-8 நிற்கும் இடத்திலிருந்து தொடங்கலாம்: செல் மரணப் பாடமும் தேர்வும்

கேள்வி: வியாசர்பாடியிலிருந்து, எம்பிபிஎஸ் இரண்டாம் ஆண்டு
4 ஆகஸ்ட் 2025

திட்டமிட்ட செல் மரணம் என்ற பாடத்தை மனப்பாடம் செய்வதைத் தவிர வேறு வழியில்லை என்பது என் முடிவு. கேஸ்பேஸ்கள் என்ற வெட்டும் நொதிகளுக்கு எண்கள், பிசிஎல்-2 என்ற புரதக் குடும்பத்துக்கு ஒரு பெயர்ப்பட்டியல், நெக்ராப்டோசிஸ் என்ற வெடித்துச் சாகும் வகைக்கு இன்னொரு பட்டியல். இரவு ஒப்பித்துவிட்டுப் படுத்தால், காலையில் 8 இருந்த இடத்தில் 9 நிற்கிறது. பயிற்சி வகுப்பில் ஒரு நினைவுச் சூத்திரம் தந்தார்கள், அதுவும் நிற்கவில்லை. இதைவிட நல்ல சூத்திரம் வைத்திருப்பவர்கள் தர வேண்டும்.

4 ஆகஸ்ட், இரவு

சூத்திரம் வேண்டாம் தம்பி. 8-ம் 9-ம் இடம் மாறுவது உங்கள் நினைவாற்றலின் குறை அன்று. அவை இரண்டும் வேலை செய்யும் இடத்தைக் காட்டாமல், எண்களை மட்டும் அடுத்தடுத்து எழுதிப் படிக்க வைத்ததன் விளைவு அது. சாகும்படி கட்டளை எங்கிருந்து வருகிறது என்று கேட்டுப் பாருங்கள். வெளியிலிருந்து வந்தால் அது செல்லின் மேல்சவ்வில் உள்ள ஃபாஸ் அல்லது டிஎன்எஃப் ஏற்பி-1 வழியாக நுழைகிறது. ஏற்பியின் உள்முனையில் ஃபேட் என்ற இணைப்புப் புரதம் வந்து ஒட்டுகிறது. அதைப் பிடித்துக்கொண்டு கூடுவது கேஸ்பேஸ்-8. உள்ளிருந்து வந்தால், அதாவது டிஎன்ஏ சேதம், வளர்ச்சிக் காரணி நின்றுபோதல், தவறாக மடிந்த புரதங்களின் குவியல் போன்ற காரணங்களால் வந்தால், மைட்டோகாண்ட்ரியாவின் வெளிச்சவ்வில் பேக்ஸ், பேக் என்னும் இரு புரதங்கள் துளையிடுகின்றன. சைட்டோகுரோம் சி என்ற புரதம் வெளியே கசிகிறது. அது அபாஃப்-1 உடன் சேர்ந்து ஏழு ஆரங்கள் கொண்ட சக்கரமாகக் கூடுகிறது. அந்தச் சக்கரத்தில் ஏறிச் செயல்படத் தொடங்குவது கேஸ்பேஸ்-9.

மேல்சவ்வுக்கு 8, மைட்டோகாண்ட்ரியாவுக்கு 9. இரண்டு வழிகளும், செல் சுருங்கிச் சாகும் அப்போப்டோசிஸ் என்ற மரணத்தை நடத்தி முடிக்கும் கேஸ்பேஸ்-3, 6, 7 ஆகியவற்றில் வந்து கூடுகின்றன. தொடங்கி வைப்பவை, செய்து முடிப்பவை என்ற பிரிவினைக்கு இதற்கு மேல் எதுவும் தேவையில்லை.

பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் இளைய மாணவர்கள் சிலருக்கு இந்தப் பாடத்தை எடுப்பது வழக்கம். தரையில் சாக்பீஸால் பெரிய வட்டம் ஒன்று போட்டு, ஒருவரை விளிம்பில் ஏற்பியாகவும் இன்னொருவரை நடுவில் மைட்டோகாண்ட்ரியாவாகவும் நிற்க வைப்பேன். விளிம்பில் நின்றவர் எவரும் பின்னர் 9 என்று எழுதி நான் பார்த்ததில்லை.

5 ஆகஸ்ட்

புழுவைப் பற்றி ஏன் படிக்க வேண்டும் என்று கொளத்தூரிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். அந்தப் புழுவில்தான் இந்தப் பாடத்தின் எலும்புக்கூடு சதையில்லாமல் தெரிகிறது என்பதால் படிக்க வேண்டும். சீனோராப்டைட்டிஸ் எலிகன்ஸ் என்னும் உருளைப்புழுவின் இருபால் வடிவம் வளரும்போது 1,090 உடற்செல்கள் உருவாகின்றன, அவற்றுள் 131 செல்கள் இறக்கின்றன, 959 எஞ்சுகின்றன. இறக்கும் செல்கள் எவை என்பதும் எப்போது இறக்கும் என்பதும் புழுவுக்குப் புழு மாறுவதில்லை. பிரென்னர், ஹார்விட்ஸ், சல்ஸ்டன் மூவருக்கும் 2002-இல் நோபல் பரிசு கிடைத்தது இந்தப் பணிக்காகத்தான்.

அங்கே சாவுக் கட்டளையின் சங்கிலியில் நான்கு புரதங்களே கண்ணிகள். எக்ல்-1, செட்-9-ஐத் தடுக்கிறது. செட்-9, செட்-4-ஐப் பிடித்து வைத்திருக்கிறது. செட்-4 விடுபட்டால் செட்-3-ஐ எழுப்புகிறது. செட்-3 செல்லைக் கொல்கிறது. நம் உடலில் எக்ல்-1 இருந்த இடத்தில் பிம், பூமா, நாக்ஸா, பேட் போன்ற உணர்விப் புரதங்கள் இருக்கின்றன. செட்-9-இன் இடத்தில் பிசிஎல்-2, செட்-4-இன் இடத்தில் அபாஃப்-1, செட்-3-இன் இடத்தில் கேஸ்பேஸ். பிசிஎல்-2 குடும்பப் பட்டியலை ஒப்பிக்கச் சிரமப்படுபவர்கள் முதலில் இந்த நான்கு கண்ணிகளை எழுதிவிட்டுப் பெயர்களை அவற்றின் அடியில் தொங்கவிட்டுப் பாருங்கள். சைட்டோகுரோம் சி கசியும் கட்டம் மட்டும் புழுவில் இல்லை என்பதையும் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

5 ஆகஸ்ட், நள்ளிரவு கடந்து

நேற்று 8-ஐ வெளிவழியின் தொடக்கம் என்று சொல்லி நிறுத்தினேன். தலைப்பில் அதன் பெயரை வைத்ததற்கான காரணத்தை இப்போது எழுதுகிறேன். இந்தப் பாடம் முழுவதிலும் ஒரே ஒரு புரதத்தை ஆழமாகப் படிக்க நேரம் இருந்தால் நான் கேஸ்பேஸ்-8-ஐத்தான் தேர்ந்தெடுப்பேன்.

முதலாவதாக, அது கேஸ்பேஸ்-3-ஐ நேராக வெட்டி எழுப்பும். லிம்போசைட்டுகளில் இது போதும். இரண்டாவதாக, அது பிட் என்னும் புரதத்தை வெட்டும். வெட்டுண்ட பிட் மைட்டோகாண்ட்ரியாவுக்குச் சென்று பேக்ஸையும் பேக்கையும் தூண்டும். கல்லீரல் செல்களுக்கு இந்தச் சுற்றுவழி தேவைப்படுகிறது. பிட் இல்லாத எலிகளில் ஃபாஸ் ஏற்பியைத் தூண்டினாலும் கல்லீரல் பெரும்பாலும் தப்பிவிடுகிறது. வெளிவழிக்கும் உள்வழிக்கும் இடையே உள்ள பாலம் எது என்று எம்சிக்யூவில் கேட்டால் விடை பிட்.

மூன்றாவது வேலையைத்தான் பலரும் தனி அத்தியாயமாக ஒதுக்கிவைத்துக் குழம்புகிறார்கள். கேஸ்பேஸ்-8 செயல்பட்டுக்கொண்டிருக்கும்வரை அது ஆர்ஐபிகே1, ஆர்ஐபிகே3 ஆகிய இரண்டு நொதிகளையும் வெட்டி அடக்கி வைத்திருக்கிறது. அது செயலிழந்தால் அவை இரண்டும் கைகோர்த்து எம்எல்கேஎல் என்ற புரதத்துக்குப் பாஸ்பேட் ஏற்றுகின்றன; எம்எல்கேஎல் மேல்சவ்வுக்குச் சென்று அதைக் கிழிக்கிறது; செல் வீங்கி வெடிக்கிறது. அதுவே நெக்ராப்டோசிஸ். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டைத் தினமும் கடப்பவர்களுக்கு இது எளிதில் விளங்கும்: தண்டவாளத்துக்கு வழி விட்டிருக்கும்வரை சாலை மூடியிருக்கும், சாலை திறந்தால் தண்டவாளத்தில் வண்டி வராது, இரண்டையும் தீர்மானிப்பது ஒரே கேட்தான்.

இந்த அடக்குதல் எவ்வளவு முக்கியமானது என்பதை எலிகள் காட்டின. கேஸ்பேஸ்-8 மரபணு நீக்கப்பட்ட எலிக்கரு, கர்ப்பகாலத்தின் நடுவிலேயே இறந்துவிடும். கொல்லும் நொதியை எடுத்துவிட்டால் கரு ஏன் சாக வேண்டும் என்ற புதிர் நெடுங்காலம் நின்றது. அதோடு ஆர்ஐபிகே3-ஐயும் சேர்த்து நீக்கினால் எலி பிழைத்து வளர்கிறது என்று 2011-இல் வெளியான ஆய்வுகள் காட்டின. கரு இறந்தது அடக்குவார் இல்லாமல் கிளம்பிய நெக்ராப்டோசிஸால் என்பது அப்போது தெளிவானது. இந்த ஒரு சோதனையைப் புரிந்துகொண்ட பின் ஆர்ஐபிகே1, ஆர்ஐபிகே3, எம்எல்கேஎல் என்ற மூன்று பெயர்களை நான் தனியாக மனப்பாடம் செய்யவே இல்லை.

6 ஆகஸ்ட்

மேலே எழுதியதை மறுபடி படித்தேன். "கேட்" ஒப்பீட்டில் இரண்டு வழிகள் மட்டுமே தெரிகின்றன. உண்மையில் மூன்றாவது ஒன்றும் உண்டு, செல் பிழைத்துக்கொள்வது. ஃபிளிப் என்னும் புரதம் கேஸ்பேஸ்-8 உடன் இணை சேர்ந்தால் அப்போப்டோசிஸ் தொடங்காது. ஆனால் அந்த இணையில் எஞ்சியிருக்கும் மிதமான வெட்டும் திறனே ஆர்ஐபிகேக்களை அடக்கப் போதுமானது. ஆகவே செல் இரண்டு மரணங்களிலிருந்தும் தப்புகிறது. சில வைரஸ்கள் ஃபிளிப் போன்ற புரதத்தைத் தாமே தயாரித்துக்கொண்டு, தாம் தங்கியிருக்கும் செல் சாகாமல் பார்த்துக்கொள்கின்றன. தேர்வில் "வெளிவழியின் தடுப்பான்" என்று கேட்டால் ஃபிளிப் என்று எழுதினால் முழு மதிப்பெண் கிடைக்கும். மீதி உங்கள் புரிதலுக்காக.

டிஎன்எஃப் ஏற்பி-1 தூண்டப்பட்டாலே செல் செத்துவிடும் என்றும் எண்ண வேண்டாம். பெரும்பாலான நேரங்களில் அது என்எஃப்-கப்பா-பி என்ற புரதத்தின் வழியாக அழற்சியையும் பிழைத்தலையும்தான் தூண்டுகிறது.

8 ஆகஸ்ட்

திருவொற்றியூர்த் தங்கை, நெக்ரோசிஸ் என்ற திட்டமிடாத செல் சாவுக்கும் அப்போப்டோசிஸுக்கும் இடையிலான வேறுபாட்டு அட்டவணையைப் பத்து வரிசையில் படிப்பதாக எழுதியிருக்கிறார். அட்டவணை வேண்டும்தான், தியரித் தாளில் மதிப்பெண் அதற்கே. ஆனால் அதை ஸ்லைடில் பார்த்துவிட்டுப் படியுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

வைரல் ஹெப்பட்டைட்டிஸ் உள்ள ஒருவரின் கல்லீரல் பயாப்சியை நாற்பது மடங்கு லென்ஸில் வைத்துப் பார்க்கும்போது, வரிசை வரிசையாக நிற்கும் பெரிய, வெளிறிய செல்களுக்கு நடுவில் ஒரே ஒரு செல் மட்டும் பாதியாகச் சுருங்கி, அடர்ந்த இளஞ்சிவப்பாக நிற்கும். அதன் உட்கரு கறுத்துச் சுருண்டிருக்கும், அல்லது இரண்டு மூன்று உருண்டைத் துணுக்குகளாக உடைந்திருக்கும், சில நேரங்களில் காணாமலே போயிருக்கும். செல்லைச் சுற்றி மெல்லிய வெண்வளையம் தெரியும், ஏனெனில் அது அண்டைச் செல்களின் பிடியை விட்டு விலகியிருக்கிறது. அந்த அண்டைச் செல்களைப் பாருங்கள்: எதுவும் நடக்காதது போல இருக்கும். அதைத் தேடி அழற்சிச் செல்லான நியூட்ரோஃபில் ஒன்றுகூட வந்திருக்காது. மஞ்சள் காய்ச்சலில் முதலில் விவரிக்கப்பட்ட கவுன்சில்மேன் உருண்டை என்பது இதுவே.

செல் சுருங்குதல், உட்கருவிலுள்ள டிஎன்ஏ-புரதக் கலவையான குரோமாட்டின் அடர்தல், சவ்வு முழுமையாக இருத்தல், தனிச்செல் இறப்பு, அழற்சியின்மை என்று அட்டவணையின் ஐந்து வரிசைகள் அந்த ஒரே செல்லில் இருக்கின்றன. இவற்றுள் மிகச் சிறப்பான அடையாளம் எது என்று கேட்டால் குரோமாட்டின் அடர்தல் என்று குறியுங்கள். இப்படிப்பட்ட செல்லைத் தேடிக் கண்டுபிடிப்பது சிரமமாக இருப்பதற்கும் காரணம் உண்டு. மேக்ரோஃபேஜ்கள் என்னும் விழுங்கு செல்கள் இவற்றை மிக விரைவாக விழுங்கிவிடுவதால், திசுவில் நிறைய அப்போப்டோசிஸ் நடந்து முடிந்திருந்தாலும் ஸ்லைடில் ஒன்றிரண்டே எஞ்சியிருக்கும்.

8 ஆகஸ்ட், மாலை

விழுங்கப்படுவதைப் பற்றிச் சொல்லும்போதே இதையும் சொல்லிவிட வேண்டும். உயிருள்ள செல்லில் பாஸ்பாட்டிடைல்செரின் என்னும் கொழுப்பு சவ்வின் உள்ளடுக்கிலேயே இருக்கும். அப்போப்டோசிஸில் அது வெளியடுக்குக்குப் புரண்டு வருகிறது. மேக்ரோஃபேஜ் அதைத் தொட்டு அடையாளம் காண்கிறது. அப்போப்டோசிஸைக் கண்டறியும் சோதனையில் அன்னெக்சின்-5 என்ற புரதம் ஒட்டிக்கொள்வதும் அதே கொழுப்பில்தான். அப்போப்டோடிக் துணுக்குகளின் மீது சி1கியூ என்னும் காம்ப்ளிமென்ட் புரதமும் படிகிறது. சி1கியூ பிறவியிலேயே இல்லாதவர்களில் பெரும்பாலோருக்கு லூபஸ் என்ற தன்னெதிர்ப்பு நோய் வருவது ஏன் என்ற கேள்விக்கு விடை இங்கே இருக்கிறது: அகற்றப்படாத துணுக்குகள் பின்னர் உடைந்து, உட்கருப் பொருள்கள் வெளியே சிந்துகின்றன. ஆகவே "அப்போப்டோசிஸ் அழற்சியை உண்டாக்காது" என்ற வரிக்குப் பக்கத்தில் "உரிய நேரத்தில் அகற்றப்பட்டால்" என்று பென்சிலால் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

9 ஆகஸ்ட்

டிஎன்ஏ ஏணி பற்றிச் சுருக்கமாக: நியூக்ளியோசோம்களுக்கு இடையில் வெட்டு விழுவதால் 180 முதல் 200 அடியிணைகளின் மடங்குகளாகத் துண்டுகள் கிடைக்கின்றன, ஜெல்லில் அவை படிகளாகத் தெரிகின்றன. நெக்ரோசிஸில் படி இல்லாமல் பூசினாற்போல் இருக்கும். டனல் சோதனை உடைந்த டிஎன்ஏ முனைகளைக் குறிப்பது மட்டுமே. நெக்ரோசிஸிலும் அது நேர்மறையாக வரக்கூடும்.

11 ஆகஸ்ட்

உடலியல் எடுத்துக்காட்டுகளைக் கேட்டால் எல்லோரும் "கருவின் விரல்கள்" என்று எழுதிவிட்டு நிறுத்துகிறார்கள். அதை உள்வழியோடு இணைத்து எழுதலாம் என்பது பலருக்கும் தோன்றுவதில்லை. பேக்ஸ், பேக் இரண்டும் நீக்கப்பட்ட எலிகளில் பெரும்பாலானவை பிறக்கும் தறுவாயிலேயே இறந்தன; பிழைத்தவற்றுக்கு விரல்களுக்கு இடையிலான சவ்வு மறையாமல் நின்றது. மைட்டோகாண்ட்ரியாவில் துளை விழாவிட்டால் விரல் பிரியாது.

இதை நான் அழுத்திச் சொல்வதற்கு நம் வடசென்னையே காரணம். ஸ்டான்லி மருத்துவமனையின் கை அறுவை சிகிச்சைப் பிரிவு நாடறிந்தது. ஒட்டிய விரல்களோடு பிறந்த குழந்தைகளைத் தோளில் போட்டுக்கொண்டு பழைய சிறைச்சாலைச் சாலையில் நடந்துவரும் தாய்மார்களை ராயபுரத்திலும் வண்ணாரப்பேட்டையிலும் வளர்ந்த நாம் பார்த்திருக்கிறோம். அந்தக் குழந்தைகளில் பேக்ஸ் மரபணு பழுதாகியிருக்கிறது என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. மனிதரில் விரலொட்டுக்குக் காரணங்கள் பல, அவற்றுள் பெரும்பாலானவை விரல் உருவாக்கத்தை வழிநடத்தும் மரபணுக்களைச் சேர்ந்தவை. ஆயினும் பிரிய வேண்டிய இடத்தில் செல்கள் சாகவில்லை என்பதே அந்தக் கையில் நாம் காண்பது. வைவாவில் இந்த எடுத்துக்காட்டைச் சொல்லும் மாணவரிடம் தேர்வாளர் அடுத்த கேள்வியைக் கனிவோடு கேட்பதைக் கண்டிருக்கிறேன்.

மாதவிடாயில் உதிரும் கருப்பை உள்ளடுக்கு, பால்குடி மறந்த பின் சுருங்கும் மார்பகச் சுரப்பி, தைமஸில் தன்னுடலை எதிர்க்கும் லிம்போசைட்டுகளின் அழிவு, வேலை முடிந்த நியூட்ரோஃபில்கள் ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தைமஸைத் தாண்டிய பின்பும் அளவுக்கு மிஞ்சிய லிம்போசைட்டுகளை ஒடுக்கி வைப்பது ஃபாஸ். அந்த மரபணு பழுதானால் நிணநீர்க் கணுக்களும் மண்ணீரலும் பெருத்து, சிடி4, சிடி8 என்ற மேற்பரப்பு அடையாளங்கள் இரண்டும் இல்லாத டி செல்கள் இரத்தத்தில் கூடுகின்றன. அது தன்னெதிர்ப்பு லிம்போபெருக்க நோய், சுருக்கமாக ஆல்ப்ஸ்.

14 ஆகஸ்ட்

"கேஸ்பேஸ் இருந்தால் அப்போப்டோசிஸ், இல்லாவிட்டால் மற்றவை" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அழற்சியோடு செல் வெடித்துச் சாகும் பைரோப்டோசிஸில் இந்த விதி உடைகிறது. அங்கே கிருமியின் வருகையை உணர்ந்து இன்ஃப்ளமசோம் என்ற புரதக் கூட்டு கூடுகிறது, அது கேஸ்பேஸ்-1-ஐ எழுப்புகிறது, கேஸ்பேஸ்-1, அழற்சிச் சைகைகளான இண்டர்லூக்கின்-1 பீட்டாவையும் இண்டர்லூக்கின்-18-ஐயும் முதிரச் செய்வதோடு கேஸ்டெர்மின்-டி என்ற புரதத்தையும் வெட்டுகிறது, வெட்டுண்ட துண்டுகள் மேல்சவ்வில் துளைகளாக அமர்கின்றன, செல் வீங்கி உடைகிறது, காய்ச்சல் வருகிறது. கேஸ்டெர்மின்-டியின் பங்கு 2015-இல்தான் தெளிவானது என்பதால் பழைய குறிப்பேடுகளில் அது இருக்காது. அண்ணன்மார், அக்காமார் தந்த குறிப்பேட்டை மட்டும் நம்பிப் படிப்பவர்கள் இதைக் கையால் எழுதிச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஃபெரோப்டோசிஸ் என்ற இன்னொரு வகை மரணத்துக்கு அந்தப் பெயர் சூட்டப்பட்டது 2012-இல். கேஸ்பேஸ் எதுவும் இல்லை. இரும்பும் கொழுப்பு ஆக்சிஜனேற்றமும் உண்டு. குளுட்டாதியோனைப் பயன்படுத்தும் ஜிபிஎக்ஸ்4 நொதிதான் காவல். காவல் விழுந்தால் சவ்வின் கொழுப்பு சிதைகிறது. இரும்பைப் பிணைக்கும் டெஃபெராக்சமின் இதைத் தடுக்கும். கேள்வியில் இரும்பு, ஜிபிஎக்ஸ்4 என்ற இரண்டில் ஒன்று இருந்தால் வேறு எங்கும் தேட வேண்டாம்.

17 ஆகஸ்ட்

எப்படி எழுதுவது என்று கேட்டவர்களுக்கு. வெள்ளைத்தாளில் முதலில் பெயர்களே இல்லாமல் செல்லை வரையுங்கள்: மேல்சவ்வு, ஓர் ஏற்பி, ஒரு மைட்டோகாண்ட்ரியா, உட்கரு. அதன்பின் கட்டளை வரும் வழியை அம்புகளால் காட்டுங்கள். பெயர்களைக் கடைசியில் நிரப்புங்கள். நிரப்ப முடியாமல் எந்தக் கட்டம் வெறுமையாக நிற்கிறதோ அதை மட்டும் புத்தகத்தில் பாருங்கள். பல்கலைக்கழகத் தேர்வில் கட்டுரைக் கேள்வி வந்தால் இதே படத்தை முதல் பக்கத்திலேயே போட்டுவிட்டுத் தொடங்குவது நல்லது. திருத்துபவர் படத்தைப் பார்த்த பிறகே வரிகளுக்கு வருகிறார். நீட் பிஜியில் தவறான விடைக்கு ஒரு மதிப்பெண் குறைகிறது என்பதால், அங்கே இந்தப் படம் கைக்குள் இல்லாமல் 8-ஆ 9-ஆ என்று ஊகிக்காதீர்கள்.

23 ஆகஸ்ட்

வெனிட்டோக்ளாக்ஸ் என்ற புற்றுநோய் மருந்து எப்படி வேலை செய்கிறது என்ற கேள்விக்கு விரிவாகப் பதில் எழுத வேண்டும் என்று வைத்திருந்தேன். ஃபாலிக்குலர் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோயில் 14-ஆம் குரோமோசோமுக்கும் 18-ஆம் குரோமோசோமுக்கும் இடையே இடமாற்றம் நிகழ்ந்து, பிசிஎல்-2 மரபணு இம்யூனோகுளோபுலின் மரபணுவின் ஆளுகைக்குள் வந்துவிடுகிறது. செல்கள் வேகமாகப் பெருகுவதைவிடச் சாகாமல் தங்குவதால் கட்டி வளர்கிறது. இதை ஸ்லைடிலும் காணலாம். கிருமித் தொற்றால் பெருத்த சாதாரண நிணநீர்க் கணுவின் முளைமையத்தில் செத்த செல்களை விழுங்கிய மேக்ரோஃபேஜ்கள் ஆங்காங்கே வெளிறித் தெரியும், பிசிஎல்-2 சாயம் ஏறாது. ஃபாலிக்குலர் லிம்போமாவில் அந்த மேக்ரோஃபேஜ்களைக் காண்பது அரிது, பிசிஎல்-2 சாயம் பெரும்பாலும் ஏறும்.

வெனிட்டோக்ளாக்ஸ், புழுவின் எக்ல்-1 செய்த வேலையைச் செய்யும் மருந்து. அது பிசிஎல்-2-இன் பள்ளத்தில் அமர்ந்து, அங்கே சிறைப்பட்டிருந்த உணர்விப் புரதங்களை விடுவிக்கிறது. 2016-இல் அமெரிக்காவில் முதலில் அனுமதி பெற்றது ஃபாலிக்குலர் லிம்போமாவுக்கு அன்று, 17-ஆம் குரோமோசோமின் குறுங்கை இழந்த நாள்பட்ட லிம்போசைட் இரத்தப் புற்றுநோய்க்கு. டிஎன்ஏ சேதமடைந்தால் செல்லைச் சாகச் சொல்லும் பி53-இன் மரபணு அந்தக் குறுங்கையில்தான் இருக்கிறது. டிஎன்ஏவைச் சேதப்படுத்திக் கொல்லும் மருந்துகளுக்குப் பி53 தேவை. வெனிட்டோக்ளாக்ஸ் பி53-க்குக் கீழே உள்ள கட்டத்தில் வேலை செய்வதால் அது இல்லாத செல்லையும் கொல்கிறது.

இம்மருந்தை முதல் நாளே முழு அளவில் கொடுப்பதில்லை. அந்த நோயில் 20 மில்லிகிராமில் தொடங்கி, வாரந்தோறும் 50, 100, 200 என்று உயர்த்தி, ஐந்தாம் வாரத்தில் 400-க்கு வருகிறார்கள். அப்போப்டோசிஸ் ஓசையில்லாத மரணம் என்றால் இந்த எச்சரிக்கை எதற்கு என்று தங்கை கேட்டிருந்தார். 8-ஆம் தேதி மாலை எழுதிய குறிப்பை எடுத்துப் பாருங்கள். செல்கள் இறக்கும் வேகம் அவற்றை அகற்றும் வேகத்தை மிஞ்சும்போது உள்ளே இருந்த பொருள்கள் இரத்தத்தில் கலக்கின்றன: பொட்டாசியம், பாஸ்பேட், யூரிக் அமிலம் உயர்கின்றன, பாஸ்பேட் பிணைத்துக்கொள்வதால் கால்சியம் குறைகிறது. கட்டிச் சிதைவுக் கோளாறு என்ற பெயரில் இந்த நான்கு மதிப்புகளையும் கொடுத்துக் கேள்வி வரும். மருந்தின் பெயரைக் கொடுத்து அது ஒட்டும் புரதத்தைக் கேட்கும் கேள்வியும் அதே தாளில் வரலாம்.